சட்டைக் காலருக்குள் ஒரு முடிச்சு

பினாங்கு பாலிக் புலாவ்வில் வீட்டோடு சுளுக்கு தடவ ஆரம்பித்து மூன்று வருஷம் ஆச்சு. போர்டு எதுவும் மாட்டவில்லை. பாரம்பரிய மருத்துவத்துக்கு 2016லேயே சட்டம் வந்துவிட்டது, நான் முறையாகப் படித்தவளும் இல்லை. பாட்டியின் கைப்பழக்கம், அவ்வளவுதான். 'டாக்டரம்மா' என்று யாராவது கூப்பிட்டால் முதல் வேலையாக அதைத் திருத்திவிடுவேன்.

இங்கே யாரும் போன் பண்ணி வருவதில்லை, வழியில்தான் பிடிப்பார்கள். போன வாரம் பாசாரில், அதான் சந்தையில், லக்சா நூடுல்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு சீன அங்கிள், வலது பாக்கெட்டுக்குள் இடது கையை விட்டுக் காசு எடுக்கத் தடுமாறினார். டுரியான் தோட்டக்காரராம். "சாக்கிட் கா?" (வலிக்குதா?) என்று மலாயில் கேட்டேன். சிரித்துவிட்டு என் மோட்டார் பின்னாலேயே வண்டியில் வந்துவிட்டார்!

நல்லெண்ணெயில் ஓமமும் பூண்டும் காய்ச்சியது இருந்தது. காலருக்குள் விரலை விட்டால் வேர்க்கடலை மாதிரி ஒரு முடிச்சு. அழுத்தாமல் சூடு காட்டிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் கை காது வரை எழும்பியது.

எல்லாருக்கும் கை வைத்துவிட மாட்டேன். ஒரு மாதம் முன்பு ஒரு மக்சிக், மலாய் அம்மா, காலை ஊன்றவே முடியவில்லை. தொடாமல் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன். அவர் மகனுக்குக் கோபம். எலும்பில் கீறல் இருந்தது.

அங்கிளிடம் காசு வாங்கவில்லை. இன்று காலை கேட்டில் மூன்று ஆங் ஹே டுரியான், நாளிதழில் சுற்றி. அடுத்து வந்த அக்கா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "முதல்ல அதை வெளிய வை தங்கச்சி, அப்புறம் என் இடுப்பைப் பாரு" என்கிறார்.