துத்தநாகத்தைத் தொலைத்துத் தேடிய நான்கு மாதங்கள்

மரபணுக்களை இயக்கிவிடும் மனிதப் புரதங்களில் ஒன்று எஸ்பி1. அதில் டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் பகுதி மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. மூன்று துத்தநாக விரல்கள், நூறுக்குச் சற்றுக் குறைவான அமினோ அமிலங்கள், அவ்வளவுதான். விலைக்கு வாங்கினால் மைக்ரோகிராம் கணக்கில் வரும். என் சோதனைகளுக்கோ மில்லிகிராம் தேவை. ஈ. கோலி பாக்டீரியாவில் நாமே செய்துகொள்ளலாம், ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

ஒரு விரல் என்பது ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு மடிப்பு. இரண்டு சிஸ்டீன்களும் இரண்டு ஹிஸ்டிடின்களும் சுற்றி நின்று ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கின்றன. அந்த அயனி போய்விட்டால் மடிப்பே குலைந்துவிடும். 1985-இல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூக்கின் குழு, தவளை முட்டையணுப் புரதம் ஒன்றில் இந்த அமைப்பை முதலில் இனங்கண்டது. பாடமாக இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பஃபர் (புரதத்தை வைத்திருக்கும், அமிலத்தன்மை மாறாத கரைசல்) கலக்கும்போது, எல்லாப் புரதத்துக்கும் போடும் அதே சரக்கைத்தான் கை தானாக எடுத்துப் போட்டது.

முதல் முறை பாக்டீரியாவை 37 டிகிரியில் வளர்த்து, புரதம் செய்யத் தூண்டும் ஐபிடிஜி என்ற பொருளைச் சேர்த்தேன். செல்களை உடைத்துச் சுழற்றியபோது புரதம் முழுவதும் வண்டலாக அடியில் இறங்கிவிட்டது. வெப்பநிலையை 18 டிகிரிக்கு இறக்கி, ஐபிடிஜியோடு 100 மைக்ரோமோலார் துத்தநாக சல்பேட்டும் சேர்த்து இரவு முழுவதும் விட்டபோது பாதிக்கு மேல் தெளிவில் கரைந்து வந்தது.

பிரித்தெடுக்க வசதியாகப் புரதத்தின் முனையில் ஆறு ஹிஸ்டிடின்கள் இருந்தன. அவை நிக்கலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடுத்தது நிக்கல் ரெசின், அதாவது நிக்கல் ஏற்றிய சிறு மணிகள் நிரப்பிய குழாய். வெளிர்நீல ரெசின் மீது செல் சாற்றை ஊற்றினேன். கண்ணெதிரே நீலம் மேலிருந்து கீழாக வெளுத்துக்கொண்டே இறங்கியது. அரை மணியில் குழாய்க்குள் சுண்ணாம்பு போல வெள்ளை. புரதமெல்லாம் வழிந்த நீரோடு போய்விட்டது. பக்கத்து மேசை அக்கா வந்து பார்த்தார். "புரோட்டீஸ் தடுப்பு மாத்திரை, அதுதான் புரதத்தை வெட்டும் நொதிகளை நிறுத்துவது, போட்டாயா? உறையைக் காட்டு." உறையில் சின்ன எழுத்தில் இடிடிஏ என்று இருந்தது. உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் பொருள் அது. "நிக்கலையே உருவி எடுத்தது, உன் விரலில் இருக்கும் துத்தநாகத்தை விட்டுவைக்குமா?" என்றார்.

அன்று மாலை செய்முறைத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இது துத்தநாகத்தை என்ன செய்யும்? சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கப் போடும் டிடிடியும் அதைப் பற்றிக்கொள்ளும், போதாததற்கு ரெசினைப் பழுப்பாக்கும். அதை நீக்கி, அதே வேலையைச் செய்யும் டிசெப்பை அரை மில்லிமோலார் போட்டேன். பாஸ்பேட் பஃபரில் துத்தநாகம் வெண்மையாகத் திரிந்துவிடும், ஹெப்பஸ் என்ற வேறு பஃபருக்கு மாறினேன். இடிடிஏ இல்லாத மாத்திரை வாங்கினேன்.

இந்த முறை, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பட்டை, கிட்டத்தட்ட 13 கிலோடால்டனில். மகிழ்ச்சியோடு ஒளி உறிஞ்சலை அளந்தால், 260 நானோமீட்டரில் வந்த அளவு 280-இல் வந்ததைவிட அதிகம். சுத்தமான புரதத்தில் இது தலைகீழாக இருக்க வேண்டும். 260-இல் அதிகம் உறிஞ்சுவது டிஎன்ஏ; கூட வந்தது பாக்டீரியாவின் டிஎன்ஏ. புரதத்துக்கான சாயம் அதைக் காட்டாது, அதனால்தான் ஜெல் அவ்வளவு அழகாக இருந்தது. டிஎன்ஏவைப் பிடிப்பதே இந்தப் புரதத்தின் பிழைப்பு. செல் உடைந்த கணத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது. என்னைக் கேட்டால், துத்தநாக விரல் செய்கிற எவரும் ஜெல்லைப் பார்ப்பதற்கு முன் இந்த விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மோலார் உப்பில் செல்களை உடைத்து, பாலிஎத்திலீன் இமைனால் டிஎன்ஏவை வீழ்படிவாக்கி, கடைசியில், டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதங்கள் ஒட்டிக்கொள்ளும் ஹெப்பாரின் ரெசினிலும் ஒருமுறை ஓட்டிய பிறகே விகிதம் நேரானது.

பிறகு ஜிசி பெட்டி (எஸ்பி1 பற்றிக்கொள்ளும் டிஎன்ஏ வரிசை) கொண்ட டிஎன்ஏ துண்டோடு கலந்து ஜெல்லில் ஓட்டினேன். புரதம் பிடித்த டிஎன்ஏ மெதுவாக நகரும். புரதம் சேர்த்த வரிசையில் பட்டை மேலே நின்றது. வேண்டுமென்றே இடிடிஏ சேர்த்த வரிசையில் டிஎன்ஏ தனியாகக் கீழே ஓடியிருந்தது. இடிடிஏவை மிஞ்சும் அளவு துத்தநாகம் ஊற்றிய மூன்றாவது வரிசையில் பட்டை மறுபடி மேலே. இருட்டறையில் அந்த மூன்று வரிசைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரதத்தை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, கழித்தல் 80 டிகிரிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மூடியில் தேதிக்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: இடிடிஏ கூடாது.