பருவம் தெரிந்து படமெடுத்தல்: மன்னார் வளைகுடாக் கரையின் தொழில்கள்

தூத்துக்குடி உப்பளம் என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே படம்தான் வெவ்வேறு பெயர்களில் கிடைக்கிறது. சூரியன் பின்னால் நிற்க, தலையில் உப்புக் கூடையுடன் வரப்பின் மீது வரிசையாக நடக்கும் பெண்களின் நிழலுருவம் அது. அழகான படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த உப்பு எப்படி விளைந்தது, அதற்கு முந்தைய வாரங்களில் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள், மழை தொடங்கியபின் என்ன செய்வார்கள் என்பதில் ஒன்றுகூட அதில் இல்லை. தூத்துக்குடி தொடங்கி தனுஷ்கோடி வரை இந்தக் கரையின் தொழில்களைச் சில ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். ஒரு தொழிலைப் படமெடுக்க விரும்புபவர் அதன் ஆண்டு முழுவதையும் அறிந்திருக்க வேண்டும் என்பதும், அறுவடை நாளில் மட்டும் வந்து போவது அந்தத் தொழிலைக் காட்டுவதாகாது என்பதும் என் உறுதியான கருத்து.

உப்பளத்தின் ஆண்டு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்குகிறது. தேங்கிய மழைநீரை வடித்து, படிந்த சேற்றை வழித்து, உடைந்த வரப்புகளைக் கட்டி, பாத்திகளின் தரையைக் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் கலந்துவிடும். ஆகவே பின்னால் வரப்போகும் வெண்மை முழுவதும் இந்த மிதிப்பில்தான் இருக்கிறது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டும், கம்பு ஊன்றிக்கொண்டும் அடிமேல் அடி வைத்து மிதிப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்குச் சேறும் கால்களும் தவிர வேறொன்றும் தெரியாத வேலை இது. "உப்பு வாருறத மட்டும் எடுத்துட்டுப் போயிருதீய, மிதிக்கும்போது ஒருத்தரும் வாரதில்ல" என்று ஒரு மூத்த பெண்மணி என்னிடம் சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை என்பதால், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் உப்பளத்துக்குச் செல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

அடுத்த கட்டம் காத்திருப்பு. கடல்நீரையோ ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரையோ முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, படிப்படியாகச் சிறிய பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். நீரின் அடர்த்தியை பாமே மானியில் டிகிரிக் கணக்கில் பார்க்கிறார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரியில் இருக்கும். வழியில் ஜிப்சம் படிந்து பிரிந்துவிட, 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 29 டிகிரியைத் தாண்டிவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறும் என்பதால் எஞ்சிய நீரை வெளியேற்றுகிறார்கள். குனிந்து மானியைப் படிக்கும் ஒருவரின் முகத்தில் இருக்கும் கவனம், என்னைப் பொறுத்தவரை, தலைச்சுமைப் படங்களில் உள்ள எதைவிடவும் இந்தத் தொழிலின் அறிவைக் காட்டக்கூடியது.

உப்பு வாரும் மாதங்களில் வேலை விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏப்ரல், மே மாத வெயிலில் வெண்மையான தரையின் மீது நின்று உழைப்பது கண்ணையும் காலையும் ஒருசேர வருத்துவது. ஆகவே டார்ச் வெளிச்சத்திலோ நிலா வெளிச்சத்திலோ வாரத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் கூடுமானவரை முடித்துக்கொள்கிறார்கள். இருட்டில் வேலை செய்பவர் கண்ணில் பிளாஷ் அடிப்பது அடுத்த சில நொடிகளுக்கு அவரைக் குருடாக்குவதற்குச் சமம் என்பதால், நான் அதைக் கொண்டுபோவதே இல்லை. அவர்களுடைய டார்ச் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு படத்தில் இருந்தால் போதும். விடிந்தபின் சிக்கல் வேறு வகையானது. கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுவதால், சட்டகம் முழுவதும் உப்பாக இருக்கும்போது படம் மங்கிப்போகிறது. ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு ஒளி) அல்லது சற்று அதிகமாக ஒளியைக் கூட்டி எடுத்தால்தான் உப்பு உப்பாகத் தெரியும். அதே உப்பு ஓர் உதவியும் செய்கிறது. சூரியன் கொஞ்சம் ஏறியதும் தரையின் வெண்மை கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால், கூடையின் நிழலில் இருக்கும் முகம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. கண்ணோரச் சுருக்கம், நெற்றியில் காய்ந்த உப்புப் பொடி, கூடைக்கு அடியில் சுருட்டி வைத்த சும்மாட்டுத் துணி எல்லாம் அந்த ஒளியில் பதிகின்றன. இவ்வளவு நல்ல ஒளி இயல்பாகவே கிடைக்கும் இடத்தில், முகங்களைக் கறுப்பு உருவங்களாக மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கரைவலைக்குக் காற்றுதான் நாட்காட்டி. தனுஷ்கோடியில் நிலம் மிகக் குறுகியது. தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் அழைக்கிறார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்க, வடக்குக் கடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். எந்த மாதம் எந்தக் கரையில் நிற்க வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, படகு அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கி, மறுமுனையைத் தொலைவில் கரை சேர்க்கிறது. இரு குழுக்களும் இழுத்தபடியே மெல்ல ஒன்றையொன்று நெருங்குகின்றன. மீன் சேரும் பை போன்ற வலைப் பகுதியான மடி கரையேறும் கடைசி நிமிடங்களுக்குத்தான் கேமராக்கள் கூடுகின்றன. எனக்கோ அதற்கு முந்தைய நீண்ட நேரமே பெரிதாகப் படுகிறது. குதிகாலை மணலில் ஊன்றி உடலைப் பின்னால் சாய்த்து இழுப்பவர்களில், பின்வரிசையில் இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு நடந்து சென்று நீரோரத்தில் மீண்டும் முன்வரிசையைப் பிடிக்கிறார். இந்தச் சுழற்சி தெரியும்படி எடுக்கத் தோள் மட்டத்தில் நின்று அகன்ற லென்ஸைப் பயன்படுத்துவது நல்லது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. 2017க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. படமெடுக்க ஒன்றும் இருக்காது என்று பலர் தவிர்க்கும் இந்த நாட்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள், பலகை மாற்றுகிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள், வலைகளை விரித்துக் கிழிந்த கண்ணிகளைப் பின்னி அடைக்கிறார்கள். நின்று பேச அவர்களுக்கும் நேரம் இருக்கிறது. வருமானம் நின்றுபோன நாட்களும் இவைதான் என்பதை மனத்தில் வைத்துப் பேச வேண்டும்.

அதே கோடையில் உடன்குடி, சாயல்குடிப் பக்கங்களில் பதநீர் இறங்குகிறது. பனையேறுபவர் காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவுகிறார். நீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கும். மரத்தின் மேல் இருப்பவரை அழைத்துக் கீழே பார்க்கச் சொல்லும் படக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். உயிரோடு விளையாடும் செயல் அது. பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் குடிசையின் உள்ளே பெண்கள் பல மணி நேரம் புகையில் நின்று கிளறி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். வாசல் வழியே வரும் ஒளி ஒன்றே அங்கு உண்டு. கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை 3200 வரை உயர்த்தினாலும், புகையும் நீராவியும் கலந்த அந்த மங்கல் படத்தில் அப்படியே இருக்க விடுகிறேன். மழைக்கு முன் உப்பு அம்பாரங்களை மூடுவதற்கு இதே பனையின் ஓலை பயன்பட்டு வந்தது. இப்போது பல இடங்களில் தார்ப்பாய் வந்துவிட்டது. இரு தொழில்களையும் தனித்தனித் தொகுப்பாக வைப்பவர்களுக்கு இந்தத் தொடர்பு பிடிபடுவதில்லை.

அனுமதி கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்பளத்தில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது மட்டும் தவறு, ஏனெனில் படத்தில் வரப்போவது தொழிலாளியின் முகம். ஒருவர் வேண்டாமென்றால் அவருடைய வேலை முடியும் வரை கேமராவைப் பைக்குள் வைத்துவிடுகிறேன். முடிந்த ஒரு செயலைப் படத்துக்காக மீண்டும் செய்யச் சொல்வதில்லை. கூலி வேலையில் அந்த நேரம் அவர்களுடையது.

ஒவ்வொரு படத்துக்கும் மாதம், செயல், கருவி, அதற்கு அந்த ஊரில் வழங்கும் பெயர் ஆகியவற்றைக் குறிப்பாக எழுதி வைக்கிறேன். அடுத்த முறை போகும்போது அச்சிட்ட படங்களை எடுத்துச் சென்று கொடுக்கிறேன். அவற்றைக் கையில் வாங்கியதும் அவர்கள் குறிப்புகளைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். இது வாரும் நாளல்ல, பாத்தியைக் கழுவும் நாள் என்கிறார்கள். இந்தக் கயிறு மடியுடையதல்ல என்கிறார்கள். அந்தத் திருத்தங்களைச் சேர்த்த பிறகே படங்களை வெளியிடுகிறேன்.