141-ஆம் பக்கம்

வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் நான் தயாரித்த ஒரு பிரமாணப் பத்திரத்தின் இணைப்புகளில் 141-ஆம் பக்கம் எது என்று இன்று கேட்டாலும் சொல்வேன். வேலையை விட்டுப் போன ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலையும் விலைக் கணக்குகளையும் எடுத்துச் சென்றுவிட்டார் என்பது எங்கள் கட்சிக்காரரின் புகார். அந்த ஊழியருக்கு அறிவிப்புக் கொடுக்காமலே அவர் வீட்டில் தேடி ஆவணங்களைக் கைப்பற்றுவதற்கு உத்தரவு கோரினோம். அந்தப் பக்கத்தில் இருந்ததோ, கட்சிக்காரரின் மேலாளரே நான்கு மாதங்களுக்கு முன் அவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்: "கோப்புகளை வீட்டுக் கணினியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே வேலையை முடியுங்கள்."

இத்தகைய உத்தரவுக்கு அடித்தளம் இட்டது, 1975-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆன்டன் பில்லர் வழக்கு. மிக வலுவான முகாந்திரமும், கடுமையான இழப்பும், ஆதாரம் எதிர்தரப்பிடம் இருப்பதோடு அது அழிக்கப்படக்கூடும் என்ற உண்மையான வாய்ப்பும் வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. மேலாளரின் மின்னஞ்சலோ அந்த முதல் நிபந்தனையையே அசைத்துவிடக் கூடியது.

"அதை அவரே வந்து சொல்லிக்கொள்ளட்டும், நாம் ஏன் சொல்ல வேண்டும்?" என்றார் கட்சிக்காரர். எதிர்தரப்பு இல்லாமல் உத்தரவு கேட்பவர் தமக்கு எதிரானதையும் நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டும், மறைப்பது தவறு என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பத்திரத்தின் உடலில் அதைப் பற்றி எழுதினால் மனு பலவீனமாகிவிடுமே என்றும் தோன்றியது. ஆகவே, ஒரு சொல்லும் எழுதாமல் இருநூற்றுச் சொச்சம் பக்க இணைப்புகளின் நடுவே அதைச் சேர்த்துவிட்டு, கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இளம் வழக்கறிஞர்களுக்கு வரும் சாமர்த்தியம் இது.

உத்தரவு கிடைத்தது. இரண்டு பெட்டி நிறையக் காகிதங்களோடு, அந்த ஊழியருடைய மகளின் பள்ளிப் பாடங்கள் இருந்த கணினியும் கைப்பற்றப்பட்டது. உத்தரவை நீக்கக் கோரிய மனு விசாரணைக்கு வந்த நாளில், எதிர்தரப்பு வழக்கறிஞர் 141-ஆம் பக்கத்தை எடுத்துக் காட்டி, "இது பிரமாணப் பத்திரத்தின் எந்தப் பத்தியில் சொல்லப்பட்டிருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நீதிபதி பத்திரத்தைப் புரட்டியபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆவணக் குவியலில் வைத்துவிட்டால் மட்டும் போதாது, முக்கியமானதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1986-இலேயே சைபோரெக்ஸ் வழக்கில் சொல்லப்பட்டிருந்தது. உண்மையை மறைத்தவரின் கோரிக்கையை, அதன் தகுதிக்குள் நுழையாமலே தள்ளலாம் என்பதோ 1917-இன் இளவரசி தெ பொலினாக் வழக்கிலிருந்தே வரும் விதி. பிரிங்ஸ் மேட் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போய், தெரிந்ததோடு நில்லாமல், முறையாக விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக் கூடியதையும் சொல்ல வேண்டும் என்றது. எங்கள் உத்தரவு நீக்கப்பட்டது. பெட்டிகளும் கணினியும் திரும்பிப் போயின. இழப்பை ஈடுசெய்வதாகக் கட்சிக்காரர் கொடுத்திருந்த உறுதிமொழியின்படி செலவும் அவர் தலையிலேயே விழுந்தது. பட்டியல் உண்மையிலேயே களவு போயிருந்ததா என்ற கேள்விக்கு அன்று யாரும் வரவே இல்லை.

இப்போதெல்லாம் இப்படிப்பட்ட மனுவை எழுதும்போது, "எதிர்தரப்பினர் இங்கே இருந்தால் சொல்லக்கூடியவை" என்ற பகுதியைத்தான் முதலில் எழுதுகிறேன். அவருக்காக வாதாட வந்தவனைப் போலவே எழுதுகிறேன். அதைப் படிக்கும் கட்சிக்காரர்கள், "நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்பதுண்டு. பதில் சொல்லாமல், கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டுகிறேன்.