முதல் ஷொட்கன் வாங்கப் போகிறவர்களுக்கு: ஒன்ராறியோவில் எங்கெங்கே சிக்கும்

"முதல் துவக்கு, விலை குறைவாக வேண்டும், வருடத்தில் சில நாள் முயலும் தாராவும், மற்றப்படி பறக்கவிடும் களிமண் தட்டுச் சுடுவது" என்று நான் வடிவாகச் சொன்ன பிறகும், கடைக்காரர் மேசையில் எடுத்து வைத்தது 18.5 அங்குலக் குழல் உள்ள கறுப்புப் பம்ப், அதாவது முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை. விலை கவர்ச்சியாக இருந்தது. குழல் வாயைப் பார்த்தால் சோக் (சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள், எவ்வளவு பரவ வேண்டும் என்று இறுக்கும் முனைக் குழாய்) மாட்டுவதற்கு மரையே இல்லை. கேட்டதற்கு, "பிறகு வேறு குழல் வாங்கிப் போடலாம்" என்றார். தனிக் குழலின் விலை துவக்கின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. அதே பணத்துக்கு 28 அங்குலக் குழல், மேலே குறிபார்க்கும் பட்டியான ரிப், கழற்றி மாட்டும் சோக் எல்லாம் உள்ள வேட்டைப் பதிப்பு பின்னால் அலுமாரியிலேயே நின்றது.

அந்தக் குட்டைக் குழல் வீட்டுப் பாதுகாப்பு என்ற பெயரில் விற்கப்படுவது. ட்ராப், அதாவது உங்களை விட்டு விலகிப் பறக்கும் தட்டு, சுடும்போது நீங்கள் தட்டை எறியும் இயந்திரத்துக்கு 16 யார் பின்னால் நிற்கிறீர்கள். தட்டை உடைக்கும் நேரத்தில் அது உங்களிடமிருந்து 30 யார் தாண்டியிருக்கும். சோக் இல்லாத குழலின் சன்னம் அதற்குள் ஐதாகிவிடும். தட்டின் விட்டம் 108 மில்லிமீற்றர்தான். இடைவெளிக்குள்ளால் உடையாமல் பறந்து போகும். நீங்கள் உங்கள் குறியைக் குறை சொல்லிக்கொண்டு பெட்டி பெட்டியாகத் தோட்டாவை வீணாக்குவீர்கள்.

கடைக்கு முன்னால் இருக்கிற கடதாசி வேலையைச் சொல்லிவிடுகிறேன். துவக்குப் பாதுகாப்பு வகுப்பு ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். எழுத்து, செய்முறை இரண்டிலும் 80 வீதம் வேண்டும், குழல் வாயை ஆள் பக்கம் திருப்பாமல், விரலை விசைக்கு வெளியே வைத்திருந்தால் சிக்கல் இல்லை. வேட்டைக்குப் போக மாகாண வேட்டைக் கல்வியும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே போங்கள்.

இழுபட்டது பி.ஏ.எல்., அதாவது துவக்கு வாங்கவும் வைத்திருக்கவும் வேண்டிய அனுமதிக்கான விண்ணப்பம். முதலில் படம். கனடா பாஸ்போட் படம் 50க்கு 70 மில்லிமீற்றர். துவக்கு அனுமதிக்கு 45க்கு 57. படம் எடுக்கிற கடையில் அளவை எழுதிக் கொடுத்தும் பழக்கதோஷத்தில் பாஸ்போட் அளவில் வெட்டித் தந்துவிட்டார்கள். அடிமட்டம் வைத்து அளந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அடுத்தது பெயர். எங்கள் ஆட்களுக்கு இது தனித் தலையிடி. தகப்பன் பெயர் ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் கடைசியிலும் நிற்கும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் சுருங்கியிருக்கும். வகுப்பு அறிக்கையில் ஆசிரியர் எழுதும் பெயர், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதப்போகும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பரீட்சை முடிந்து கையெழுத்துப் போடும்போதே அதைப் பாருங்கள். பிறகு திருத்துவதென்றால் ஆசிரியர், அலுவலகம் என்று மாறி மாறி அலைய வேண்டும்.

சாட்சிக்காரர் இருவர் வேண்டும். உங்களை மூன்று வருடமாவது தெரிந்திருக்க வேண்டும், 18 வயது தாண்டியிருக்க வேண்டும். மனைவியோ கணவனோ அந்த இருவரில் ஒருவராக இருக்க முடியாது. படத்தை உறுதிப்படுத்துபவர் வேறு, அவருக்கு ஒரு வருடப் பழக்கம் போதும். அலுவலகத்திலிருந்து சாட்சிக்காரருக்கு அழைப்பு வரலாம். தெரியாத இலக்கம் என்றால் எங்கள் ஆட்கள் எடுக்கமாட்டார்கள். விளம்பரக்காரர் என்று துண்டித்தும் விடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். துணையின் கையெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு. கட்டாயமில்லை, ஆனால் வெறுமையாக விட்டால் அவருக்கு அறிவித்துவிட்டுத்தான் அனுமதி தருவார்கள். இரண்டு வருடத்துக்குள் பிரிந்த துணை இருந்தாலும் இதே விதி. வீட்டில் முதலே கதைத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் எல்லாருக்கும் நல்லது.

முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு எல்லாம் சரியாக இருந்தாலும் 28 நாள் கட்டாயக் காத்திருப்பு இருக்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும். அந்த நாட்களைச் சும்மா விடாதீர்கள். அனுமதி உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கண்காணித்தால், அட்டை இல்லாமலே நீங்கள் சுடும் கழகத்தில் சுடலாம். பல கழகங்களில் வாடகைத் துவக்கும் உண்டு. பம்ப், மேல்-கீழ் இரட்டைக்குழல், அரைத் தானியங்கி மூன்றிலும் ஒவ்வொரு சுற்று, அதாவது 25 தட்டு, சுட்டுப் பாருங்கள். கடைக்காரரின் பேச்சைவிட உங்கள் தோளும் கன்னமும் தெளிவாகப் பதில் சொல்லும்.

வகைகளைப் பற்றி என் முடிவு இது: கையில் 500, 600 டொலர்தான் என்றால் 12 கேஜ் பம்ப் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு, இலக்கம் குறைந்தால் குழல் பெரிது). மவரிக் 88, மொஸ்பேர்க் 500, வின்செஸ்ரர் எஸ்.எக்ஸ்.பி., அல்லது நல்ல நிலையில் உள்ள பழைய ரெமிங்ரன் 870. மவரிக்கும் மொஸ்பேர்க் 500உம் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். பெரிய வித்தியாசம் சேப்ரி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, இருக்கும் இடம். 500இல் அது மேலே, பெருவிரலுக்கு நேரே. மவரிக்கில் விசைக்குப் பக்கத்தில் குறுக்காக. இடதுகைக்காரருக்கு 500 கூடக் காசு கொடுத்தாலும் தகும். 28 அங்குலக் குழலும் உள்ளே சுருள் பள்ளம் வெட்டி மரையிட்ட 24 அங்குலக் குழலும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்பதும் உண்டு. மரையிட்ட குழல் மானுக்கு ஒற்றைக் குண்டு சுட மட்டும். அதில் சன்னத் தோட்டா போட்டால் சன்னம் சுழன்று, நடு வெறுமையாக வளையம் போலப் பரவும்.

பம்ப்புக்கு ஒரு குறை: ஸ்கீற்றில், அதாவது இரண்டு பக்கத்திலிருந்தும் தட்டு குறுக்காகப் பறக்கும் ஆட்டத்தில், இரட்டைத் தட்டு வரும்போது இரண்டாவது தட்டுக்கு முன் நீங்கள் இழுத்துத் தள்ளி முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் வெற்றுக் கோது வெளியே வராது, அல்லது அடுத்த தோட்டா ஏறாது. கடைசிவரை பலமாக இழுத்து, பலமாகத் தள்ளப் பழகினால் போய்விடும்.

விலை குறைந்த இரட்டைக்குழல் பெரும்பாலும் துருக்கியில் செய்தது. அங்கே நல்ல தொழிலாளர்கள் இருக்கிறார்கள், கெட்டது என்று ஒதுக்கமாட்டேன். ஆனால் மலிவான மாதிரிகளில் வெட்டு எங்கே விழுகிறதென்று தெரிந்து வாங்குங்கள்: கோதைத் தூக்கி மட்டும் விடும், எறியாது, விசை பல மாதிரிகளில் முதல் வெடியின் உதைப்பில்தான் இரண்டாம் குழலுக்கு மாறும், எனவே மெல்லிய தோட்டா போட்டால் மாறாமல் நின்றுவிடலாம், சுடும் ஊசி உடைவதும் உண்டு. மாதம் பல நூறு தட்டுச் சுடுபவருக்கு அது விரைவில் தளர்ந்துவிடும். வருடத்துக்குச் சில பெட்டி என்றால் காலத்துக்கும் நிற்கும். அரைத் தானியங்கியில் உதைப்பு மெல்லியது, அது உண்மை. உதைப்பின் விசையாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றும் மலிவான வகைகள் புதிதாக இருக்கும்போது ஒரு அவுன்ஸ் மெல்லிய தோட்டாவில் ஓடாது. முதலில் கனமான தோட்டா சில பெட்டி சுட்டு இளக்க வேண்டும்.

இனி, ஒருவரும் கடையில் சொல்லித்தராத விடயம்: அளவு. பெரும்பாலான துவக்குகளில் விசையிலிருந்து தோள்கட்டையின் முடிவு வரை 14 அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும். ஐந்தடி ஆறு அங்குலத்துக்குக் குறைந்தவர்களுக்கு அது நீளம், அதிலும் நவம்பரில் தாராவுக்குப் போகும்போது தடித்த ஜக்கற் போட்டால் கட்டை அக்குளில் சிக்கும். ஆகவே கடைக்குப் போகும்போது கோடையாக இருந்தாலும் அந்த ஜக்கற்றைக் கொண்டு போங்கள். துவக்கைத் திறந்து வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்தி, பாதுகாப்பான திசையில், சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். ரிப்பின் மேல் நேரே, குழல் நுனியில் உள்ள முனைமணி தெரிய வேண்டும். துவக்கின் முதுகு மட்டும் தெரிந்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு, சன்னம் கீழே போகும். ரிப் முழுவதும் சரிவாகத் தெரிந்தால் உயர்வு, சன்னம் மேலே போகும். மூக்குக்கும் பெருவிரல் மூட்டுக்கும் இடையில் இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் உதைப்பில் மூக்கு அடிபடும். எந்தக் கண் ஆதிக்கக் கண் (குறிபார்க்கும்போது முந்துகிற கண்) என்றும் முதலே பாருங்கள். வலது தோளும் இடது கண்ணும் என்றால் வேறு எதைத் திருத்தியும் பயனில்லை.

சோக்கில் தொடங்குபவருக்கு இரண்டு போதும்: கொஞ்சம் மட்டும் இறுக்கும் இம்ப்ரூவ்ட் சிலிண்டர், நடுத்தரமான மொடிஃபைட். 40 யாரில் 30 அங்குல வட்டத்துக்குள் முதலாவது பாதியளவு சன்னத்தை விழுத்தும், இரண்டாவது 60 வீதத்தை, இன்னும் இறுக்கமான ஃபுல் 70 வீதத்தை. ஸ்கீற்றுக்கும் முயலுக்கும் முதலாவது, ட்ராப்புக்கு இரண்டாவது. தாராவுக்கும் கனடா வாத்துக்கும் ஈயம் சட்டப்படி கூடாது, நச்சில்லாத சன்னம் வேண்டும், பெரும்பாலும் அது உருக்குத்தான். உருக்கு நசியாது, இறுக்கமான சோக்கில், அதிலும் கழற்ற முடியாத ஃபுல் சோக் உள்ள பழைய குழலில், வாயை வீங்க வைத்துவிடும். மொடிஃபைட்டுக்கு மேல் போகாதீர்கள். சில மலிவு துவக்குகளோடு ஒரே ஒரு சோக்தான் வரும். மற்றதை வாங்கும்போது மரை வகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். சுடச் சுட சோக் தளரும்; ஒரு சுற்று முடிந்ததும் தோட்டாவை எடுத்துத் திறந்துவிட்டுக் கையால் இறுக்குங்கள். சோக் இல்லாமல் ஒருநாளும் சுட வேண்டாம், உள்ளே மரை போய்விடும்.

20 கேஜ் மெல்லியது, சிறிய உடம்புக்கு வசதி. ஆனால் தட்டுத் தோட்டா 12இல்தான் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் மிக அவதானம். மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் முன்னால் சிக்கும். வெறுமை என்று நினைத்து அதன் பின்னால் 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். ஒரே பையில் இரண்டையும் வைக்கவே கூடாது. குழலின் பக்கத்தில், தோட்டா உட்காரும் அறையின் நீளம் பொறித்திருக்கும், அதையும் வாசியுங்கள். 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல அறைக்குள்ளும் போகும். தோட்டாவின் வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறுவது சுடும்போதுதான் தெரியும்.

பழையது வாங்கினால் காசு மிச்சம், ஆனால் விற்பவர் அவசரப்படுத்துவார். எனக்குக் காட்டிய ஒன்றில் சோக் துருப்பிடித்து அசையவே இல்லை. "அது அப்படியே இருக்கட்டும், கழற்றத் தேவையில்லை" என்று சொன்னதே வாங்காமல் விடப் போதுமான காரணம். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உள்ளே கறுப்பு வளையம் தெரிந்தால் வீக்கம். வெளியே விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். இரட்டைக்குழலில் முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடி ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. குழலைத் திறக்கும் மேல்நெம்பு மூடியபின் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நின்றால் இன்னும் தேயவில்லை. இடப்பக்கம் தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

2022 மே 18 முதல், விற்பவர் கடையானாலும் தனியாளானாலும் உங்கள் அனுமதியைச் சரிபார்த்து ஓர் இலக்கம் பெற வேண்டும். அது இல்லாமல் "நம்பிக்கையில்" கைமாற்றச் சொல்பவரிடமிருந்து விலகுங்கள். வீட்டில் துவக்கைத் தோட்டா ஏற்றாமல், விசைப்பூட்டுப் போட்டோ பூட்டிய பெட்டியிலோ வையுங்கள், தோட்டாவை வேறாகப் பூட்டுங்கள். காரை விட்டு இறங்கினால் துவக்கு பூட்டிய டிக்கிக்குள் இருக்க வேண்டும்.

தாராவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. துவக்கு மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது, அதற்காகத் தோட்டாக் குழாய்க்குள் ஒரு கட்டை செருகியிருக்கும். பழைய துவக்குகளில் அது பெரும்பாலும் தொலைந்திருக்கும். வெறும் துவக்கில் வெற்றுப் பயிற்சித் தோட்டாவால் நிரப்பிப் பாருங்கள். மூன்றாவது குழாய்க்குள் போனால் கட்டை இல்லை. வேட்டைக்கான மாகாண அட்டை, சிறுவேட்டை அனுமதி இவற்றோடு மத்திய அரசின் வலசைப் பறவை அனுமதியும் வேண்டும். இது தனியாக வாங்குவது, பலர் விட்டுவிடுகிறார்கள்.

புதிய மலிவு பம்ப்பில் கடைசியாகக் கழுத்தைப் பிடித்தது கோது சிக்குவது. சுட்டபின் பின்னால் இழுத்தால் அசையாது. துவக்கு பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. மலிவுத் தோட்டாவின் அடிப்பகுதி பித்தளை பூசிய உருக்கு. வெடிக்கும்போது விரிந்து, சரியாக மெருகேற்றாத அறையின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். குழலைக் கழற்றி, பித்தளைத் தூரிகையில் மிக மெல்லிய 0000 உருக்குப் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் விட்டு, அறையை மட்டும் சில நிமிடம் தேயுங்கள். துடைத்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். 250 தோட்டா உள்ள பெரிய பெட்டி மலிவு என்று முதலே தூக்காதீர்கள். 7½ இலக்கச் சன்னத்தில், கழகம் அனுமதிக்கும் 1⅛ அவுன்சுக்குள், இரண்டு மூன்று வகையில் 25 உள்ள சிறு பெட்டி ஒவ்வொன்று சுட்டுப் பார்த்துவிட்டு, கோது இலகுவாக வெளியே விழுகிற வகையில் பெரிய பெட்டியை எடுங்கள்.