ஓரமா போங்க

ஏப்ரல் 28, 2025, திங்கள்

இடிக்கவில்லை என்கிறார், சைக்கிளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பா. மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்றுதான் நினைத்தோம். இன்று கண்ணை நன்றாகத் திறந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "லோரி என்னை இடிக்கல பிள்ள. பின்னால ஹாரன் அடிச்சான். ஒதுங்குனேன்."

அப்புறம் கோப்பி கேட்டார். கொடுக்கக் கூடாதாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தொழிலாளர் தினம் குறுக்கே வருவதால் ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. தொடை எலும்பு, இடுப்புக்குச் சற்றுக் கீழே. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவரும் சைக்கிளில் விழுந்தவராம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 30, புதன்

போலீஸ் நிலையத்தில் கூப்பிட்டார்கள். புகாரை அண்ணன் அன்றைக்கே கொடுத்துவிட்டான். 24 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், லோரிக்காரன் அல்லவா. இன்று சைக்கிளைப் பார்ப்பதற்காக. அந்தப் போலீஸ் என்சிக் (ஐயா) பொறுமையானவர், குறை சொல்ல மாட்டேன். டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின் மட்கார்டில் ஒரு கீறல் இல்லை. வலது கைப்பிடியிலும் ஒன்றுமில்லை. இடது பெடல் மடங்கியிருக்கிறது, இடது பக்கம் முழுக்கச் செம்மண். "கெனா லங்கார் கெ, ஜாத்தோ செண்டிரி?" என்றார். இடித்தார்களா, தானாக விழுந்தாரா. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நம்பரில் 'ஏ' என்ற எழுத்தை மட்டும் அப்பா பார்த்திருக்கிறார். பேராக்கில் பதிந்த வண்டி அநேகமாக எல்லாமே ஏ தான்.

மே 2, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் கஞ்சி குடித்தார்.

மே 4, ஞாயிறு

வண்டி குறைவாக ஓடும் மத்தியான நேரமாகப் பார்த்து அந்த இடத்துக்குப் போனேன். அண்ணனின் இரும்பு அளவு நாடாவை எடுத்துப் போனேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

நடுக்கோட்டிலிருந்து ஓரத்து வெள்ளைக் கோடு வரை 3 மீட்டர் 20. எண்ணெய்ப் பனைப் பழம் ஏற்றும் லோரியின் அகலம் இரண்டரை மீட்டர். அப்பா சைக்கிளின் ஹேண்டில், துருத்திக்கொண்டிருக்கும் முழங்கையையும் சேர்த்து 70 சென்டிமீட்டர். கூட்டினால் அதே 3.20. மிச்சம் பூஜ்யம். நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரு லோரி அப்பாவைக் கடக்க முடியாது. எதிரே வண்டி வந்தால் அவர் பின்னாலேயே வர வேண்டும். இதைப் புரிந்துகொள்ளக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

அவன் பின்னால் வரவில்லை. ஹாரன் அடித்தான்.

வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்குத் தார். அதோடு தார் முடிந்து செம்மண், நாலு விரல் ஆழப் பள்ளம். ஒவ்வொரு தடவையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். சாலை ஏறிக்கொண்டே போகிறது, மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போதாததற்கு லோரியிலிருந்து சிந்திய உதிரிப் பழங்கள், டயர் ஏறி நசுங்கி, அந்த ஒரு சாணும் எண்ணெய்ப் பிசுக்கு. அங்கேதான் ஒதுங்கியிருக்கிறார். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. அப்படியே மண்ணில் ஓட விட்டு நின்றிருந்தால் தப்பியிருக்கலாம். மறுபடி சாலைக்கு ஏற்றப் பார்த்திருக்கிறார். சாய்வாக ஏற்றினால் தாரின் விளிம்பு சக்கரத்தை ஏறவிடாது, உரசியபடியே பிடித்துக்கொள்ளும். சைக்கிள் சாயும், ஆள் முன்னால் போவார். விளிம்பில் முழ நீளத்துக்கு ரப்பர் உரசிய கறுப்புக் கோடு இன்னும் அழியவில்லை. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது.

ஓரமா போங்க, ஓரமா போங்க என்று ஊரே அவருக்குச் சொல்லியிருக்கிறது. கோயிலில், கடையில், அண்ணன் வீட்டில். போனார்.

மே 6, செவ்வாய்

காலையில் நான் ஓட்டும் பள்ளி வேன் நிறையப் பிள்ளைகள். முன்னால் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பி ஒருவர், ஹேண்டிலில் சாப்பாட்டுக் கேரியரைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதிக்கிறார். எதிரே வரிசையாக வண்டி, தரையில் இரட்டைக் கோடு. அவர் பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன். அந்தத் தம்பி பயந்துபோய் ஓரத்துக்கு ஒதுங்கப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி "ஜாங்கான்! ஜாங்கான்!" (வேண்டாம்! வேண்டாம்!) என்று கத்தினேன். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

கோயில் வளைவு தாண்டியதும் எதிர்ப்பக்கம் காலி, கோடும் விட்டு விட்டு வந்தது. ஒரு காரை முந்துவது போலவே முழுசாக அடுத்த பக்கம் போய் அவரைக் கடந்தேன். கையைத் தூக்கினார். பின்னால் வந்த கார் அவர் முழங்கையை உரசுகிற மாதிரி போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் மணி அடிக்கவில்லை. அந்தக் கார் எந்த மணிக்கு ஓடியதோ.

மே 8, வியாழன்

வார்டில் உட்கார்ந்து போனில் படித்தது: ஜெர்மனியில் 2020 முதல், சைக்கிளைக் கடக்கும் வண்டி ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடம் விட வேண்டும். சட்டத்திலேயே எண்ணைப் போட்டுவிட்டார்கள். அண்ணனிடம் காட்டினேன். "அங்க ரோடு பெருசு" என்றான். ரோடு சிறிதாக இருந்தால் முழங்கையும் சிறிதாகிவிடுமா?

மே 10, சனி

அண்ணன் இன்று என்னை லோரியில் ஏற்றினான், ஓட்டுநர் இருக்கையில். "நீயே பாரு, அப்புறம் பேசு." இடது கதவுக்குக் கீழே பையனை அப்பாவின் சைக்கிளோடு நிற்க வைத்தான். நான் பார்த்தேன். ஆளைக் காணோம். பக்கக் கண்ணாடியில் லோரியின் வயிறும் வேலியும் தெரிகின்றன. குனிந்தேன், எம்பினேன். "அக்கா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்று குரல் மட்டும் வருகிறது.

எண்ணெய் ஆலைக்குத் திரும்பும் சிம்பாங்கில் (சாலைச் சந்திப்பில்) இதுதான் ஆபத்து என்றான். இடது பக்கம் திரும்புகிற லோரி முதலில் வலது பக்கம் கொஞ்சம் அகட்டிப் போகும். சைக்கிள்காரன், மோட்டார்க்காரன், இடம் கிடைத்தது என்று இடது பக்கம் நுழைவான். பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். "என் கண்ணாடியில என் முகம் உனக்குத் தெரியலன்னா, உன்னை நான் பார்க்கலன்னு அர்த்தம். பின்னாலயே நில்லு." இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்து சொல் என்றேன். வெட்கப்படுகிறான்.

அவன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பழம் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும். அவனுக்கு எத்தனை நடை ஓட்டினானோ அதற்குத்தான் கூலி. சைக்கிளுக்குப் பின்னால் காத்திருக்கும் அரை நிமிஷத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. சரி. ஆனால் அந்த அரை நிமிஷம் அப்பாவின் தொடையிலிருந்து எடுக்கப்பட்டது என்றேன். பேசாமல் இறங்கிப் போய்விட்டான்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. தெலுக் இந்தானில் தேர். இந்த வருஷம் நாங்கள் போகவில்லை. அந்தக் காலத்தில் லயத்து ஆண்கள் எல்லாரும் சைக்கிளில்தான் போவார்களாம், இருட்டில் கும்பலாக, ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டே. "அப்ப ரோட்டுல நாங்கதான் கூட்டம்" என்கிறார் அப்பா.

மே 13, செவ்வாய்

சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றி வந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீஸ் லோரியும் மோதி ஒன்பது போலீஸ்காரர்கள் இறந்துவிட்டார்கள். தேருக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள்.

மே 14, புதன்

அண்ணன் வேலைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து லோரியின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 17, சனி

சாப்பாட்டுக் கடையில் அப்பாவைப் பற்றி விசாரித்தார்கள். சைக்கிள் என்று வாயெடுத்ததும் ஒருவர் ஜொகூர் பாரு கதைக்குப் போய்விட்டார். 2017 பிப்ரவரியில் விடியற்காலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில் இறந்த எட்டுப் பையன்கள், மாற்றிக் கட்டிய சைக்கிள்கள், மோதிய காரை ஓட்டிய பெண்ணுக்கு ஆறு வருஷம் சிறை கொடுத்தது, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. எல்லாம் உண்மைதான். அதற்கும், காலையில் கோயிலுக்குப் பூப் பறித்துக்கொண்டு போகும் கிழவருக்கும் என்ன சம்பந்தம்? இந்த நாட்டில் சைக்கிள் என்றால் ஒன்று லஜாக் (மாற்றிக் கட்டிய சைக்கிள்) பையன்கள், இல்லை ஞாயிற்றுக்கிழமை இறுக்கமான சட்டை போட்டு ஈப்போவிலிருந்து வருபவர்கள். வேலைக்கு மிதிப்பவர்களை யாருக்கும் தெரியவில்லை. ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். காசு கொடுத்தேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மே 21, புதன்

வீட்டுக்கு அழைத்து வந்தோம். உள்ளே வருவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிள் எங்க?"

மே 25, ஞாயிறு

இனிமேல் எதிர்ப்பக்கமாகப் போகிறாராம். வண்டியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே போனால் பயமில்லையாம். நடக்கிறவருக்கு அது சரி. சைக்கிளுக்குச் சரியே இல்லை. நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது, நீங்கள் 12-இல் மிதிக்கிறீர்கள். அதே பக்கம் போனால் 78-இல் நெருங்குகிறது, எதிர்த்துப் போனால் 102-இல். அப்புறம் சிம்பாங். இடது பக்கம் திரும்பி ஏறுகிற காரோட்டி வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பான், வண்டி அங்கிருந்துதான் வரும். இடது பக்கமிருந்து நீங்கள் வருவதை அவன் கனவிலும் நினைக்க மாட்டான்.

"அப்ப நான் எங்கதான் போறது?" என்றார்.

கோட்டுக்கு உள்ளே, ஒரு மீட்டர் உள்ளே, சாலையில். இதைச் சொல்லிவிட்டேன். அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அப்பனைச் சாலை நடுவில் விடச் சொல்கிறேனே என்று உடம்பு நடுங்கியது. ஆனால் ஓரத்தில் பின்னால் வருகிறவன் இடம் இருக்கிறது என்று நினைக்கிறான். உள்ளே போனால் இடம் இல்லை என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். வேகத்தைக் குறைப்பான்.

குறைப்பானா?

மே 27, செவ்வாய்

குறைக்காவிட்டால்.

ஜூன் 2, திங்கள்

சைக்கிள் கடையில் பின் சிவப்பு விளக்கு ஒன்று, பெடலுக்கு மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஒரு ஜோடி. அப்பாவின் விளக்கு பழைய டைனமோ. சக்கரம் சுற்றினால் எரியும், நின்றால் அணையும். சிம்பாங்கில் காத்து நிற்கும்போதுதான் வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் இருட்டு.

இரவு பையனை ஓட்டவிட்டு அண்ணன் லோரியில் பின்னால் வந்து பார்த்தான். சிவப்பு விளக்கு ஒரு மோட்டாராகவும் இருக்கலாம், வேலிக் கம்பமாகவும் இருக்கலாம். பெடல் மஞ்சள் மேலும் கீழும் போவதைப் பார்த்ததும் மனுஷன் மிதிக்கிறான் என்று உடனே தெரிந்துவிட்டதாம். அண்ணனே வியந்து சொன்னான். இன்னொரு ஜோடி வாங்கி அந்தக் கேரியர் தம்பிக்குக் கொடுத்தேன். "தெரிமா காசே, காக்" (நன்றி, அக்கா) என்று மறுபடி மறுபடி சொன்னார்.

ஜூன் 5, வியாழன்

மளிகைக் கடை முன்னால் ஒருவர் காரை நிறுத்திப் பார்க்காமல் கதவைத் திறந்தார். சைக்கிளில் வந்த சின்னப் பெண் பிரேக் போட்டு மயிரிழையில் நின்றாள். ஓட்டுபவர் கார்க்கதவை இடது கையால் திறக்கச் சொல்லி பிரிட்டனின் சாலை விதியில் 2022-இல் சேர்த்திருக்கிறார்கள். இடது கை குறுக்கே வந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். அவரிடம் சொன்னேன். ஏதோ பைத்தியம் என்று பார்த்தார். நான் பழகிக்கொண்டேன், கஷ்டமே இல்லை.

ஜூன் 9, திங்கள்

கெரிக்கில் பஸ் விபத்து. தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகப் பிள்ளைகள், பதினைந்து பேர் இறந்துவிட்டார்கள். விடுமுறை முடிந்து திரும்பியவர்கள். அப்பா டிவியை அணைக்கச் சொல்லிவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

சாலை ஓரப் பள்ளத்தில் கல்லும் மண்ணும் கொட்டி நிரவியிருக்கிறார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியவில்லை. நல்லதுதான். சாயங்காலம் மழை, பாதி கரைந்து காட்டாற்றில் போய்விட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் பெடலை நிமிர்த்திவிட்டான். அப்பா ஊன்றுகோலோடு வாசலில் நின்று, பிரேக் கம்பியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். டாக்டர் சொல்லட்டும் என்றேன். டாக்டர் சைக்கிள் ஓட்டுவாரா என்று கேட்கிறார்.

ஜூன் 16, திங்கள்

நாளைக்கு எக்ஸ்ரே, ஒன்பது மணிக்கு நம்பர். பிள்ளைகளை யார் ஏற்றிப் போவது என்று இன்னும் பேசவில்லை. அண்ணனுக்குக் காலை நடை இருக்கிறதாம்.