குன்னூரில் தயிர் உறைந்தது: இரண்டு மாதக் குறிப்புகள்

மதுரையில் இருந்தவரை தயிரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா பாலில் விரலை விட்டுப் பார்ப்பார், அரை ஸ்பூன் உறை விடுவார், மூடி வைப்பார். காலையில் வெட்டி எடுக்கலாம், அவ்வளவு கெட்டி. அக்டோபர் கடைசியில் வேலை மாற்றலாகிக் குன்னூர் வந்தபோது, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் வீட்டுத் தயிரை உறைக்கென்று கொடுத்து அனுப்பினார். முதல் வாரம் முழுக்க அதை வைத்து முயன்றும் ஒரு நாள்கூடத் தயிர் சரியாக வரவில்லை.

காலையில் மூடியைத் திறந்தால், பால் கொஞ்சம் தடித்திருக்கும். ஸ்பூனால் எடுத்துத் தூக்கினால் அறுபடாமல் நூல் நூலாக இழுக்கும். புளிப்பே இருக்காது. கோழை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அம்மாவிடம் போனில் கேட்டால் ஒரே பதில்தான்: "விரல் பொறுக்குற சூட்டுல ஊத்துப்பா, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

நான் விரல் பொறுக்கும் சூட்டில்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கம்பக்கத்தில் கேட்டேன். எதிர்வீட்டு அக்கா கோவைப் பக்கத்துக்காரர், அவர் பேச்சில் உறை கிடையாது, பிரைதான். "குளிர் ஊருல பிரை கூட ஊத்தோணும்" என்றார். அரை லிட்டர் பாலுக்கு இரண்டு பெரிய கரண்டி ஊற்றினேன். உறைந்ததுதான், ஆனால் அடியில் மண்மண்ணாக, மேலே தண்ணீராக. வாயில் வைத்ததும் பழைய மோரின் புளிப்பு. அது புதுத் தயிரின் புளிப்பு இல்லை, நேற்றைய தயிரின் புளிப்பைத்தான் பாலில் கலந்திருக்கிறேன் என்று தோன்றியது. வரமிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டும் பார்த்தேன். அந்தக் குளிரில் மறுநாள் மாலைவரை பால் பாலாகவே இருந்தது.

நவம்பர் நடுவில் தெர்மாமீட்டர் வாங்கினேன். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, 42 டிகிரிக்கு மேல் போனால் அதற்குக் காட்டத் தெரியாது. சமையலறைக்கென்று நீளமான கம்பியோடு விற்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான் வேண்டும். இனி இங்கே எழுதுகிற எண்ணெல்லாம் செல்சியஸ்.

முதல் நாளே ஒரு சந்தேகம். பால் பொங்கி வரும்போது கம்பியை விட்டால் 94 காட்டியது. 100-ஐத் தொடாமல் பொங்குமா, கருவி கோளாறோ என்று நினைத்தேன். ஐஸ் கட்டிகளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியை விட்டேன். சரியாக 0. கொதிக்கிற வெறும் தண்ணீரில் விட்டேன், அங்கேயும் 94. கருவி சரி, ஊர்தான் உயரம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி குறையும். கணக்கு ஒத்துவந்தது. இந்தப் பரிசோதனையை யாரும் விட்டுவிட வேண்டாம். கருவியை நம்பலாமா என்று தெரியாமல் எடுக்கிற அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

94-இல் பொங்குவதால் தயிருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. பாலை நன்றாகக் காய்ச்சுவதன் பயன் கிருமி போவது மட்டும் இல்லை. பாலில் கேசீன் என்கிற புரதத்தோடு, மோர்த்தண்ணீரில் கரைந்து கிடக்கிற புரதங்களும் உண்டு. 80 டிகிரியைத் தாண்டி ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் பால் இருந்தால் அவை சுருள் பிரிந்து கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உறையும்போது பின்னல் நெருக்கமாக விழும், தண்ணீரைப் பிடித்து வைக்கும். பாக்கெட் பாலை 72 டிகிரியில் பதினைந்து விநாடி சூடாக்கித்தான் அனுப்புகிறார்கள், அது இதற்குப் போதாது. சோதித்துப் பார்க்க, ஒரே பச்சை நிறப் பால் பாக்கெட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்தேன். ஒன்றை வெறுமனே வெதுவெதுப்பாக்கி உறை விட்டேன், மற்றதைப் பொங்கவிட்டுச் சிம்மில் பன்னிரண்டு நிமிடம் வைத்தேன். முதலாவது கிண்ணத்தைச் சாய்த்ததும் வழிந்தது. இரண்டாவது அசையவில்லை.

அப்புறம்தான் விரலுக்கு வந்தேன். ஒவ்வொரு இரவும் விரலை விட்டு, "இதுதான் பொறுக்கும் சூடு" என்று தீர்மானித்த பிறகு கம்பியை விட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முதல் ஐந்து நாள் வந்த அளவுகள்: 34, 35, 33, 36, 34. உடம்புச் சூட்டைவிடக் குறைவு! ஆனால் விரலுக்கு அது சுரீரென்று இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போனபோது தெர்மாமீட்டரையும் எடுத்துப் போனேன். அம்மா விரலை எடுத்து "இப்ப ஊத்து" என்று சொன்னதும் கம்பியை விட்டேன். மூன்று இரவும் 40, 41, 39. நானும் அங்கே விரல் விட்டுப் பார்த்தேன், 41. அதே விரல்தான். குன்னூரில் பாத்திரம் கழுவிவிட்டு, பனிக்கட்டி போன்ற குழாய்த் தண்ணீரில் விறைத்த கையோடு நான் சூடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். விறைத்த விரலுக்கு 34 டிகிரியே கொதிப்பு. திரும்பி வந்து, உறை ஊற்றும் முன் கையை வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்துத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். விரல் 40-க்கு வந்துவிட்டது. தெர்மாமீட்டர் வாங்க விருப்பம் இல்லாத குளிர் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

கம்பியை விடும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால் ஆறும்போது ஓரம் முதலில் ஆறும், ஆடைக்கடியில் நடுப்பால் சூடாகவே கிடக்கும். ஒரு நாள் ஓரத்தில் 41 பார்த்து உறை ஊற்றப் போய், ஏதோ தோன்றிக் கலக்கிவிட்டுப் பார்த்தால் 47. 50-ஐத் தாண்டினால் உறையில் இருக்கிற நுண்ணுயிர்கள் வாடும், இன்னும் மேலே போனால் செத்தே போகும். கலக்கிவிட்டுப் பார்ப்பதுதான் சரி.

சரி, 40-இல் ஊற்ற ஆரம்பித்தும் தயிர் முழுதாகத் தேறவில்லை. கோழை குறைந்தது, கெட்டி வரவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்து மணிக்கு ஒரு முறை அளந்தேன். அடுக்களைக் குளிர் 14. கடப்பைக்கல் மேடையில், அரை லிட்டர் பால், எவர்சில்வர் பாத்திரம், தட்டு போட்டு மூடியது. ஒன்பதரைக்கு 40. பத்தரைக்கு 29. பதினொன்றரைக்கு 22. பன்னிரண்டரைக்கு 18.

இரண்டு மாதத்தில் நான் கற்றதில் பெரியது அந்த நான்கு எண்தான். உறை ஊற்றும் நேரத்துச் சூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ஆனால் அது தொடக்கம் மட்டும். அதற்குப் பின் ஆறு ஏழு மணி நேரம் பால் எந்தச் சூட்டில் கிடக்கிறது என்பதில்தான் தயிர் இருக்கிறது. மதுரையில் அந்த ஆறு மணி நேரத்தை ஊரே பார்த்துக்கொண்டது. அடுக்களை 28 டிகிரியில் இருந்தால், பால் 40-இலிருந்து இறங்கினாலும் 28-க்குக் கீழே எங்கே போகும்? அம்மாவின் முறையில் பாதி வேலை அம்மாவுடையது, பாதி வேலை மதுரையுடையது. அதனால்தான் அவர் சொல்லித் தந்ததில் அந்தப் பாதி இல்லை.

இனி சூட்டைத் தேக்குவது எப்படி என்று பார்த்தேன். துண்டு சுற்றி வைத்ததில் பெரிய பலன் இல்லை. எதிர்வீட்டு அக்கா விறகடுப்பு ஓரத்தில் வைப்பார். அவர் கைக்கு அது நன்றாக வருகிறது, நான் வைத்தபோது அடுப்புப் பக்கம் 48, மறுபக்கம் 33 என்று ஒரே பாத்திரம் இரண்டாகப் பிரிந்தது, சூடு பட்ட பக்கம் தண்ணீர் விட்டிருந்தது. கடைசியில் கைகொடுத்தது சப்பாத்தி வைக்கிற ஹாட்பாக்ஸ். முதலில் அதில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிடுவேன். வெறும் ஹாட்பாக்ஸில் வைத்தால் அதன் உள்சுவரே பாலின் சூட்டை உறிஞ்சிவிடும். பிறகு பால் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடி, இரண்டு துண்டு சுற்றி, பாதி நிறைந்த அரிசி டின்னுக்குள் இறக்கிவிடுவேன். அன்று அளந்தது: தொடக்கம் 40, இரண்டு மணி நேரத்தில் 36, நான்கில் 33, ஆறில் 30, எட்டில் 27.

காலையில் தட்டைத் திறந்தபோது மேலே ஆடை வழவழவென்று, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீட்டி விரித்த மாதிரி கிடந்தது. ஸ்பூனை இறக்கினேன். வெட்டிய இடம் அப்படியே நின்றது, குழியில் தண்ணீர் ஊற அரை நிமிடம் ஆனது. அளவு அரை ஸ்பூன் உறைதான், மதுரையில் ஊற்றுகிற அதே அளவு.

எந்தச் சூடு நல்ல சூடு என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருந்தது. பல இடங்களில் 42, 43-இல் வைக்கச் சொல்கிறார்கள். ஒரு ஞாயிறு பகலில் இரண்டு மணிக்கொரு முறை வெந்நீர் பாட்டில் மாற்றி, வீட்டு உறையை 43-இலேயே ஐந்து மணி நேரம் வைத்தேன். சீக்கிரம் உறைந்தது, கூர்மையான புளிப்பு, ஓரத்தில் தண்ணீர். கடை யோகர்ட்டை உறையாக வைத்து அதே போலச் செய்தால் அருமையாக வந்தது.

காரணம் உறைக்குள் இருப்பவர்கள்தான். யோகர்ட்டுக்கு இரண்டு பாக்டீரியா. ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். மற்றது 1905-இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்கிற பல்கேரியர் ஜெனீவாவில் படிக்கும்போது கண்டெடுத்த பல்கேரிகஸ். இரண்டுக்கும் 40-க்கு மேல்தான் உற்சாகம். நம் வீட்டு உறை பல வகை கலந்த கூட்டம். அதில் லாக்டோகாக்கஸ் வகைகளும் உண்டு, அவற்றுக்கு 30 டிகிரி ஒட்டிய சூடுதான் பிடிக்கும். வீட்டுத் தயிரில் வருகிற அந்த மெல்லிய வெண்ணெய் வாசனை இந்தக் கூட்டத்தின் சில வகைகள் தருவது. 43-இல் பிடித்து வைத்தால் அவை ஒதுங்கி, மற்றவை ஏறிவிடும். எனக்கு வேண்டியது அந்த வெண்ணெய் வாசனை. ஆகவே 40-இல் தொடங்கி 30 வரை மெல்ல இறங்குகிற ஹாட்பாக்ஸ்தான் எனக்குச் சரி.

பொங்கல் முடிந்து அம்மா வந்திருந்தார். முதல் இரவு அவரே பால் ஆற்றினார். விரலை விட்டு "போதும்" என்றார். கம்பி 35 காட்டியது. நான் ஒன்றும் சொல்லாமல் வெந்நீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தேன், கையை நனைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அட, இது ஆறிப்போச்சே!" என்று அடுப்பைப் பற்றவைத்தார். மறுநாளிலிருந்து சொம்பு தானாகவே அடுப்பு மேடைக்கு வந்துவிட்டது.

இந்த வாரம் மண்சட்டி. ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்வதால் தயிர் இறுகும் என்பது உண்மைதான், ஆனால் சட்டியின் வெளிப்பக்கம் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. நேற்று 40-இல் ஊற்றியது மூன்று மணி நேரத்தில் 27-க்கு வந்துவிட்டது, ஹாட்பாக்ஸுக்குள் அது அடங்கவும் இல்லை. இன்று சட்டியை வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்து, 43-இல் ஊற்றி, சட்டியோடு அரிசி டின்னில் இறக்கியிருக்கிறேன். காலை ஆறரைக்குத் திறக்க வேண்டும்.