ஃப்ரீபிஎஸ்டில ஃபிளாஷ் ஓட வெச்ச கதை

2010ல, லினக்ஸ் மாதிரி இன்னொரு இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டில 8.1 வந்த புதுசு. பழைய டெஸ்க்டாப்ல அதைப் போட்டு ஃபயர்பாக்ஸ் வரைக்கும் சிக்கலில்லாம வந்துட்டேன், ஆனா யூட்யூப் தொறந்தா வீடியோ இருக்க வேண்டிய இடத்துல வெறும் கட்டம். பிளகின் இல்லாமலே பிரவுசர்ல ஓடுற எச்டிஎம்எல்5 வீடியோ யூட்யூப்ல அந்த வருஷம்தான் சோதனைக்கே வந்துச்சு, அதனால வீடியோ ஓட்டுற ஃபிளாஷ் பிளகின் இல்லாம கதையே நடக்காது, அதைப் பண்ண அடோபியோ லினக்ஸ் வரைக்கும்தான் பிளகின் விட்டிருந்தாங்க, பிஎஸ்டிக்கு இல்ல.

சரி, லினக்ஸ் பிளகினையே கொண்டாந்து, லினக்ஸ் புரோகிராமை பிஎஸ்டில ஓட விடுற லினக்ஸ் கம்பாட்டிபிலிட்டில ஓட்டலாம், ஆனா ஃபயர்பாக்ஸ் பிஎஸ்டிக்காரன், ஃபிளாஷ் லினக்ஸ்காரன், ரெண்டு பேரும் நேரா பேசிக்க மாட்டாங்க. நடுவுல கல்யாணத் தரகர் மாதிரி என்எஸ்பிளகின்ராப்பர்னு ஒண்ணு வேணும்.

அதுக்கான லினக்ஸ் மாட்யூலை லோடு பண்ணி, லினக்ஸ் புரோகிராமுக்கு வேண்டிய அடிப்படை ஃபைலெல்லாம் இருக்கிற ஃபெடோரா 10 பேஸைப் போட்டேன். ஃபிளாஷ் லைசென்ஸ் சமாச்சாரத்தால ரெடிமேட் பேக்கேஜா கிடைக்கல, நம்ம மிஷின்லயே சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணிக்கிற போர்ட்ஸுக்குள்ள போய் மேக் இன்ஸ்டால் க்ளீன் அடிக்க வேண்டியிருந்துச்சு, அது கூடவே ஜிடிகே அது இதுன்னு ஒரு பட்டாளத்தையே இழுத்துட்டு வந்துச்சு, நடுவுல ரெண்டு தடவ கரன்ட் வேற போச்சு.

எல்லாம் முடிச்சு ராப்பரை ஓட்டிட்டு ஃபயர்பாக்ஸ் அட்ரஸ் பார்ல பிளகின் பட்டியலைக் காட்டுற அபௌட் பிளகின்ஸ் அடிச்சா ஒண்ணுமே இல்ல. அரை நாள் மண்டைய ஒடைச்சேன், போர்ட்டை அழிச்சு மறுபடி போட்டேன், சிம்லிங்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், கடைசில பாத்தா ராப்பர் கமாண்டை ரூட்டா, அதாவது அட்மின் லாகின்ல அடிச்சிருக்கேன்! அது ஒவ்வொரு யூசரும் அவங்கவங்க லாகின்ல அடிக்க வேண்டியதாம், ஃப்ரீபிஎஸ்டி ஹேண்ட்புக்லயே அந்த வரிக்கு முன்னாடி ரூட்டுக்கான ஹேஷ் போடாம சாதா யூசருக்கான பர்சன்ட் குறி போட்டிருந்துச்சு, நான்தான் கவனிக்கல. என் யூசர்ல அடிச்சதும் ஷாக்வேவ் ஃபிளாஷ்னு பேர் வந்துடுச்சு.

ப்ளே அமுக்கினா பிளகின் அப்படியே படுத்துடுச்சு. ஃபிளாஷ், லினக்ஸ்ல சிஸ்டம் விவரமெல்லாம் இருக்கிற ப்ராக் டைரக்டரி இங்கயும் இருக்கும்னு நம்பித் தேடிச்சு, அதைக் குடுக்கிற லின்ப்ராக்எஃப்எஸ்ஸை நான் மவுன்ட் பண்ணல. எதெதை மவுன்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல ஒரு வரி சேத்தேன், படம் ஓடிச்சு. சத்தம்? வரல. இது ஃபிளாஷ் தப்பே இல்ல, அப்ப ஃப்ரீபிஎஸ்டி கூடவே வர்ற ஜெனரிக் கெர்னல்ல சவுண்ட் டிரைவர் கிடையாது, எஸ்என்டி எச்டிஏங்கிற டிரைவரை நாமளே லோடு பண்ண வேண்டியிருந்துச்சு, ஒரு வாரமா சத்தமே இல்லாத மிஷின்ல வேலை பாத்துட்டிருந்தேன்னு அப்பதான் உறைச்சுது.

இவ்ளோ பண்ணியும் டேபை மூடுனா என்பிவியூவர்னு ஒரு ப்ராசஸ் மட்டும் போகாம சிபியூவத் தின்னுட்டு உக்காந்திருக்கும், ஃபேன் சத்தத்துலயே தெரிஞ்சுடும். அதுக்கு மட்டும், ப்ராசஸைப் பேர் சொல்லி நிறுத்துற கில்ஆல் கமாண்டை வெச்சு ஷெல்ல ஒரு ஏலியாஸ், அதாவது சுருக்கப் பேர், "கொல்லு"ன்னு வெச்சேன். ராத்திரி படுக்கப் போறதுக்குள்ள எப்படியும் நாலஞ்சு தடவ அடிச்சிருப்பேன்.